லொரியானா காட்டிக் கொடுத்த தெரு

ஃப்ளாரன்ஸுக்கு வருகிறவர்களுக்கு லொரியானா முப்பத்தோரு வருஷமாக ஊர் சுற்றிக் காட்டுகிறாள். திங்கட்கிழமை உஃபிஸி அருங்காட்சியகம் பூட்டியிருக்கும். வாசலில் சாப்பாட்டுப் படம் மாட்டிய கடைக்குள் நுழையாதே. தேவாலயப் படிக்கட்டில் உட்கார்ந்து பீட்சா தின்னாதே, விரட்டுவார்கள். எல்லா வழிகாட்டியும் சொல்வதுதான். அதோடு வாயை மூடியிருந்தால் அவள் குடி கெட்டிருக்காது.

மூட முடிந்தால்தானே! வந்தவன் நாலு சிலையையும் ஒரு சதுக்கத்தையும் பார்த்துவிட்டு ஊரையே பார்த்துவிட்டேன் என்றால் ஃப்ளாரன்ஸ்காரிக்குப் பற்றிக்கொண்டு வரும். பிடித்துப்போனவர்களிடம் குரலைத் தாழ்த்திச் சொல்வாள்.

"பாலத்தைத் தாண்டிப் போங்க. சான் ஃப்ரெதியானோ பக்கம் எங்க சந்து இருக்கு. வாஸ்கோ வண்டில மாட்டுக்குடல் வெச்ச ரொட்டி வாங்கி, சாறுல நனைச்சுத் தரச் சொல்லுங்க. அதுதான் நிஜ ஊரு."

போனார்கள். படம் பிடித்தார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பினார்கள். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான். இரண்டே வருஷத்தில் அந்தச் சந்தில் நடக்க இடமில்லை. வாசல் மணிகளில் எழுதியிருந்த குடும்பப் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போய், நாள் வாடகை அறைகளின் எண்கள் வந்தன.

"உன் புண்ணியத்துல எனக்குக் கை ஓயல, லொரியானா," என்றான் வாஸ்கோ. "ஆனா நீயும் வரிசையிலதான் நிக்கணும்!"

பிறகு பதிவுத் தபால் வந்தது. அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் நேதோ செத்து வருஷம் திரும்பவில்லை. அதற்குள் மகன் தூச்சோ, வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்று எழுதிவிட்டான். பதறியடித்துக்கொண்டு அவனிடம் ஓடினாள்.

"இருபத்தாறு வருஷம்டா! உங்கப்பா இருந்தா இப்படி எழுதுவாரா? நான் எங்க போவேன்?"

"நான் என்னக்கா பண்றது? நீங்க மாசம் பூரா தர்றதை ஊர் பாக்க வர்றவங்க நாலே நாள்ல தர்றாங்க. அவங்க இந்தத் தெருவைத்தான் கேக்குறாங்க. மூணு பேரு உங்க பேரையே சொல்லிக் கேட்டாங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"கோவிச்சுக்காதீங்க. வர்றவங்களுக்குச் சாவி கொடுக்க, எங்க போகணும், எங்க சாப்பிடணும்னு சொல்ல ஒரு ஆள் வேணும். உங்களை விட்டா யாருக்கு இதெல்லாம் தெரியும்?"

"த்தூ! நன்றிகெட்ட பயலே," என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் ப்ராத்தோ ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையைப் பார்த்த ஓர் அறைக்குக் குடிபோன மூன்றாம் வாரமே தூச்சோவைப் போனில் கூப்பிட்டு, அந்த வேலைக்கு வருகிறேன் என்றாள். காசுக்காக இல்லை. அந்த வீட்டுக்குள் கால் வைக்க அவளுக்கு வேறு வழியில்லை.

ஒரு நாள் ஒரு டென்மார்க் தம்பதி வந்தார்கள். லொரியானா அறை அறையாகக் காட்டினாள்.

"இந்த ஜன்னல் மழைக்கு இறுகிக்கும், கீழ அழுத்தித் தள்ளணும். வெந்நீர் வர மூணு நிமிஷம் ஆகும். ராத்திரி குழாய் சத்தம் போடும், பயந்துக்காதீங்க."

அந்தப் பெண் சிரித்தாள். "இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே! இந்த வீட்டுக்கு அடிக்கடி வருவீங்களோ?"

"ஆமாம்மா," என்றாள் லொரியானா. "வாரத்துக்கு மூணு தடவை."