பேத்தியின் தனித் தட்டு

பிஸ்கற் பக்கற்றின் நிறம் மாறியிருந்ததை நான் கடையிலேயே கவனித்தேன். உள்ளே இருந்த பிஸ்கற்றும் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தது என் பேத்திதான். முன்பு நேராக இருந்த ஓரம் இப்போது பல்லுப் பல்லாக இருந்தது. அவள் ஒன்றை எடுத்து ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு அதைப் பக்கற்றுக்குள் பத்திரமாகத் திருப்பி வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை.

வேறு பிள்ளை என்றால் இது சொல்வதற்கு ஒரு விஷயமே இல்லை. என் பேத்திக்கு அப்போது ஐந்து வயது ஆகவிருந்தது. அந்தப் பிஸ்கற்றும், ஓரம் வெட்டிய பாணும், சொதியோ சம்பலோ படாத வெள்ளை இடியப்பமும், நீலக் கப்பில் ஊற்றிய பாலும்தான் அவளுடைய சாப்பாடு. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள். மீன் பொரிக்கும் மணம் வந்தால் குசினிப் பக்கமே வரமாட்டாள். பேச்சும் சில சொற்கள்தான். எங்கள் வீடு உட்துறைமுகத்துக்குக் கிட்ட. கப்பல் ஊதினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவாள். நானோ கப்பல்களை இழுக்கும் இழுவைப் படகில் எஞ்சின் பார்த்தே காலத்தைக் கழித்தவன். அந்தச் சத்தம் இல்லாத நாளில் எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

மகளுக்குக் கச்சேரியில், அரசாங்க அதிபர் அலுவலகத்தில், வேலை. மருமகன் கட்டாரில். என் மனைவி காலமாகிவிட்டாள். ஆகவே பகலில் பேத்தியைப் பார்ப்பது நான். இடியப்பம் பிழியக் கற்றுக்கொண்டதே ஓய்வு பெற்ற பிறகுதான்.

பிஸ்கற் போன சில நாளில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மாறியபோது பாணையும் விட்டுவிட்டாள். கேள்விப்பட்டு, கிளிவெட்டியிலிருந்து என் அக்கா பஸ் ஏறி வந்தா. வயல் அரிசியும் ஊர் முட்டையும் கொண்டுவந்திருந்தா. நல்ல மனம்தான். ஆனால் நான் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்து, மீன் பிசைந்த சோற்றை வாய்க்குள் திணித்திருந்தா. நான் வாசலில் கால் வைத்தபோது பிள்ளை திணித்ததை எல்லாம் சத்தியெடுத்து, மூச்சுத் திணறி, உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

“இவ்வளவு செல்லம் குடுத்தால் பிள்ளை எப்பிடித் தின்னும், தம்பி? ரெண்டு நாள் பட்டினி போடு. தானாச் சாப்பிடுவாள்” என்றா அக்கா.

நான் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

“பசி வந்தாலும் இவளுக்கு ஏலாது, அக்கா. நீங்கள் எவ்வளவு நாள் வேணுமெண்டாலும் இருங்கோ. ஆனால் இனி இந்த வீட்டில ஒருத்தரும் இவளின்ர வாயை வலுக்கட்டாயமாத் திறக்கக் கூடாது.”

எங்கள் அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவ அக்காதான். அவவிடம் அப்படிக் கதைத்தது எனக்கு அதுவே முதல் தடவை. அடுத்த நாள் காலை பஸ்ஸிலேயே போய்விட்டா.

அதற்குப் பிறகு பேத்தி எங்கள் கையால் ஒன்றும் வாங்கவில்லை. இடியப்பத்தை மேசையில் வைத்துவிட்டு நாங்கள் அறையை விட்டு வெளியே போனால்தான் கொஞ்சம் சாப்பிட்டாள். காறை எலும்பு தெரியத் தொடங்கியது. பழைய பிஸ்கற் எங்காவது மிஞ்சியிருக்க வேண்டும் என்று மோட்டார் சைக்கிளை எடுத்தேன். நகரத்தில் எல்லாக் கடையிலும் புதுசுதான். மூதூர் போனேன், தோப்பூர் போனேன். தோப்பூரில் ஒரு முதலாளி, பழைய பக்கற் இருக்கிறதா என்று நான் துருவித் துருவிக் கேட்டதில், என்னைச் சுகாதாரப் பரிசோதகர் என்று நினைத்துவிட்டார். தன்னுடைய கடையில் பழைய சாமானே கிடையாது என்று சத்தியம் பண்ணினார்.

கடைசியில் கப்பல்துறை என்ற ஊரில், கண்டி வீதி ஓரத்துச் சின்னக் கடை ஒன்றில் கிடைத்தது. கடைக்காரப் பெண் ஏன் என்று கேட்டா. சொன்னேன். கதிரையில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி, திகதி இன்னும் முடியவில்லை என்று காட்டினா. முழுவதையும் வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். பேத்தி ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். நின்ற நிலையிலேயே கடித்தாள். நான் பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெட்டி முடிவதற்குள் வேறு வழி பார்த்தாக வேண்டும். மகள் லீவு போட்டாள். ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் இளம் பெண். பேத்தி அங்கே கிடந்த கதிரைகளை எல்லாம் சுவரோடு நேராக நிறுத்துவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓட்டிசமாக இருக்கலாம் என்றா. உறுதியாகச் சொல்ல மட்டக்களப்பில் ஒரு நிபுணர் குழு பார்க்கவேண்டும், அதற்குக் காத்திருக்கவேண்டும் என்றா. மகள் சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள்.

“பேர் பிறகு வரட்டும், டொக்டர். இண்டைக்கு வீட்டை போய் நாங்கள் என்ன செய்யிறது?” என்று கேட்டேன்.

அவ என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே கட்டடத்தில் இருந்த பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பினா. அவர் சொன்னதை நான் இன்றைக்கும் மாற்றவில்லை. பேத்தியின் தட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்னத் தட்டு வைக்கவேண்டும். அதில் அவளுக்குப் பிடித்ததற்குக் கிட்டிய ஏதாவது, காய்ந்ததாக, மொறுமொறுப்பாக, ஒரு துண்டு. சாப்பிடு என்று சொல்லக்கூடாது. கெஞ்சக்கூடாது. தொட்டால் கைதட்டவும் கூடாது. இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவாக இருந்தது. ஆனாலும் அதற்கு டொக்டர் எழுதித் தந்த துளி மருந்தைப் பாலில் ஒளித்து ஊற்றவேண்டாம் என்றார். கண்டுபிடித்தால் பாலும் போய்விடும்.

நான் அப்பளத்தைத் தெரிந்தெடுத்தேன். முதல் நாள் அவள் சின்னத் தட்டைத் தள்ளிய வேகத்தில் அது நிலத்தில் விழுந்து உடைந்தது. அடுத்த நாள் பிளாஸ்ரிக் தட்டு வைத்தேன். அதுவும் விழுந்தது. எடுத்து வைத்துவிட்டு என் சோற்றைச் சாப்பிட்டேன். இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் நிலத்தில் கிடந்த துண்டுகளைக் கூட்டிக்கொண்டே கேட்டாள்.

“இது சரிவராட்டில் என்ன செய்யிறது, அப்பா?”

“சரிவராட்டில் வேற ஒண்டு செய்வம். விடுறேல்ல.”

பிறகு தட்டு விழுவது நின்றது. மேசையின் மறு ஓரத்துக்குத் தள்ளி வைப்பாள், அவ்வளவுதான். ஒரு மத்தியானம் அப்பளத்தை எடுத்து உடைத்தாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்துவிட்டது. காதுக்குக் கிட்ட வைத்து இன்னொரு துண்டை உடைத்தாள். நான் மேலும் பொரித்தேன். வாரக்கணக்கில் எங்கள் வீட்டில் அப்பளம் தூளாகத்தான் போனது. பிறகு விரலில் ஒட்டிய தூளை நக்கினாள்.

அதற்குப் பின் ஒரு நாள், என் பக்கத்தில் கறுக்கென்று சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் தன்னுடையதை முடித்துவிட்டுக் கையை நீட்டி, என் தட்டில் இருந்த அப்பளத்தையும் எடுத்துக்கொண்டாள்.

மகளுக்கு அலுவலகத்துக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அதே அப்பளத்தில் கடையில் இருக்கிறதை எல்லாம் வாங்கி வைக்கச் சொன்னாள். நான் மறுத்துவிட்டேன். ஒரே மாதிரி வாங்கினால் பிஸ்கற்றுக்கு வந்த கதைதான் இதற்கும் வரும். பெரிசு, சின்னன், மிளகு போட்டது என்று மாற்றி மாற்றிப் பொரித்தேன். மிளகு போட்டதை அவள் இன்னும் ஏற்கவில்லை.

பாலர் பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே சாப்பாடு சாப்பிடவேண்டும் என்பது ஒழுங்கு. இவளுக்கு மட்டும் வீட்டுச் சாப்பாடு தந்துவிட இடம் கேட்டு, நான் போய் ரீச்சரோடு கதைத்தேன். மற்றப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று அவ கவலைப்பட்டா. “இவளுக்கு இது ஏலும், அது ஏலாது எண்டு சொல்லுங்கோ. பிள்ளைகளுக்கு விளங்கும்” என்றேன். யோசித்துவிட்டுச் சம்மதித்தா. இப்போது பேத்தி தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தானே திறந்து சாப்பிடுகிறாளாம்.

துளி மருந்துக்கு இன்னும் தினமும் போராட்டம். மட்டக்களப்பிலிருந்து திகதி வந்துவிட்டது, அடுத்த மாதம் போகிறோம். அங்கே என்ன பேர் சொன்னாலும் சொல்லட்டும். உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவிப் பொரித்தால் இப்போது சாப்பிடுகிறாள். இந்தக் கிழமை மரவள்ளி தொடங்கியிருக்கிறேன். நேற்று ஒரு சீவலை எடுத்து மூக்குக்குக் கிட்ட வைத்து மணந்து பார்த்துவிட்டு, என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மணந்து பார்த்தாளே. இன்றைக்கும் பொரித்தேன்.