உத்தரவு கேட்காத மூன்று பிள்ளைகள்

மலாக்காவில், நியாலாஸ் பக்கத்து எஸ்டேட்டில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டும் கணேஸ்வரனின் மகள் தேவமலர். பதினாலு வயது. கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படிப்பாள். படித்ததில் முக்கால்வாசியைத் திட்டித் தீர்ப்பாள்.

அலோர் காஜாவில் நடந்த புத்தக விமர்சனப் போட்டியில் அவளுக்கு வாய்த்தது, ஊர் உலகமே கொண்டாடும் ஒரு பழைய ஆங்கில மாயக்கதை. ஜெயித்தால் மலாக்காவின் சார்பில் கோலாலம்பூர் போகலாம். போக அவளுக்குக் கொள்ளை ஆசை. நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடு என்று அவள் பள்ளி நளினி டீச்சர் தலைபாடாக அடித்துக்கொண்டார். ஆனால் இல்லாததைப் புகழ அவளுக்கு நாக்கு எழாது.

கதை இதுதான். மூன்று பிள்ளைகள் காட்டுக்குள் திமுதிமுவென்று நுழைகிறார்கள். கண்ணில் பட்ட பழத்தைப் பறித்துத் தின்கிறார்கள். காட்டு ராணி பிடித்து அடைக்கிறாள். அப்புறம் முந்நூறு பக்கத்துக்கு ஓட்டமும் அழுகையும்.

மேடையில் தேவமலர் புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

“எங்கப்பா காட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்ன ஒரு கொப்ப ஒடிச்சு முனியாண்டி கல்லுல வச்சு, உத்தரவு கேட்டுட்டுத்தான் போவாரு. இதுங்க மூணுக்கும் அந்தப் புத்தி இல்ல. கேட்டிருந்தா அஞ்சாம் பக்கத்துலயே கதை முடிஞ்சிருக்கும் லா. மாட்டுனதுக்கு எனக்குப் பாவமே வரல.”

கூட்டம் சிரித்தது. நடுவர் ராமையா சிரிக்கவில்லை. டையைச் சரிசெய்துகொண்டு, இந்தக் காலத்திலும் எஸ்டேட் மூடநம்பிக்கையைக் கட்டி அழுவது வெட்கக்கேடு என்று மைக்கில் பாடம் நடத்தினார். ‘அற்புதம், அபாரம்’ என்று ஒப்பித்த புக்கிட் காத்தில் ஊர்ப் பையனுக்குப் பரிசு போனது.

மண்டபத்துக்குப் பின்னால் அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்காக தேவமலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். கழிப்பறையில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. ராமையா அவசர அவசரமாக வந்தார், அவளைக் கவனிக்காமல் ஆலமரத்தடிப் புதருக்குப் பின்னால் ஒதுங்கினார். மரத்தில் குடியிருக்கும் சாமியிடம் அவர் முணுமுணுத்தது தெளிவாகவே கேட்டது.

“தாத்தா, மன்னிச்சுக்குங்க. பேரன் தெரியாம வந்துட்டேன். உத்தரவு குடுங்க.”

தேவமலர் திரும்பிப் பார்க்கவில்லை. குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்தினாள்.

“தாத்தா குடுத்துட்டாரா சார்?”