வானம் செருமியபோது பிடுங்கிய வயர்

எங்கள் பக்கத்தில் இடி இடிக்கிறது என்று சொல்வது குறைவு. வானம் செருமுது என்போம். அந்தச் செருமல் கேட்டால், நாரணாபுரத்தில் நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் எல்லோரும் கையில் இருப்பதை வைத்துவிட்டு ஷெட்டை விட்டு வெளியே போய்விடுவோம். வீட்டில் என்றால், சொருகியிருக்கும் வயரையெல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் எனக்கு மறுவேலை.

அன்றைக்குச் செருமியபோது நான் பக்கத்து வீட்டில் இருந்தேன். அந்த வீட்டு அண்ணனுக்கு பஜாரில் வத்தல் கடை. அவர் மகள் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். மறுநாள் காலையில் லேப்டாப்பிலேயே பரீட்சை. அவளுடையது காலேஜ் சேரும்போதே பழசாக வாங்கியது. அதில் புது சிஸ்டத்தை ஏற்றினால்தான் பரீட்சை திறக்குமாம்.

"அக்கா, கடைக்குப் போயி அத்தாவுக்குச் சோறு குடுத்துட்டு வந்துர்றேன். அப்டேட் ஓடுது. பேட்டரி செத்துப்போச்சு, வயர்லதான் உயிர் நிக்குது. கொஞ்சம் பாத்துக்கிறீகளா?"

"போயிட்டு வா தாயி. ஈ வந்து உக்காந்தாலும் வெரட்டி விட்டுர்றேன்" என்றேன். பேச்சில் எனக்கு என்றைக்கும் குறைவில்லை.

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வானம் செருமியது. அவ்வளவுதான் தெரியும். ஃபிரிட்ஜ் வயர், டிவி வயர் எல்லாம் தரையில் கிடந்தன. லேப்டாப் வயர் என் கையில் இருந்தது. திரை கறுத்துவிட்டது.

அவசரமாக அதை மட்டும் திரும்பச் சொருகி, பொத்தானை அமுக்கினேன். ஏதோ இங்கிலீஷ் எழுத்து வந்து அப்படியே நின்றது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மழைக்குக் கடையைச் சாத்திவிட்டு அண்ணனும் மகளோடு வந்துவிட்டார்.

"என்னட்டி இது, செத்துக் கெடக்கு? நாளைக்குப் பரீட்சைய வச்சுக்கிட்டு இன்னைக்கா இதை நோண்டுவ?"

அவள் திரையைப் பார்த்தாள். தரையில் கிடந்த வயர்களைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"கரண்டு போயிட்டு வந்துருக்கும் அத்தா. நான் போட்டுட்டுப் போனதுதான் தப்பு."

அவர் விடவில்லை. கவனம் இல்லை, பொறுப்பு இல்லை என்று ஏசினார். அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். ஊர் வாயெல்லாம் அடக்குகிற எனக்கு அப்போது நாக்கு எழவில்லை.

கொஞ்ச நேரத்தில் திரை அசைந்தது. ஏற்றியதையெல்லாம் இறக்கிவிட்டுப் பழையபடியே வந்து நின்றது. அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி வானம் செருமியது.

"அக்கா, கைய மடியில வச்சுக்கோங்க" என்றாள், திரும்பாமலே.

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு ஃபிரிட்ஜ் வயரைப் பார்த்தார்.

"அண்ணே, நான்தான் புடுங்குனேன்."

"அதுல என்ன தங்கச்சி, கைப்பழக்கம். ஆனா அவளை நான் இம்புட்டு ஏசுறப்போ ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

மறுநாள் காலை தூக்குவாளியோடு வேலைக்குக் கிளம்பினேன். அவர்கள் வாசலைக் குனிந்தபடியே கடக்கப் பார்த்தேன்.

"அக்கா, பரீட்சை தெறந்துருச்சு" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

தலையை மட்டும் ஆட்டினேன்.