வாசல் நிலையில் ஒரு தாமிரத் துண்டு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் 'டப்' என்று ஒரு சத்தம்.

ஃபியூஸ் போன சத்தம்தான். வேறு வீடு என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் என் மனைவி செல்விக்கு ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. கரண்டியும் கையுமாக ஓடி வந்தவள் முகத்தில் ரத்தமே இல்லை.

எனக்கு ஹாம் ரேடியோ பைத்தியம்; லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே ஊர் உலகத்தோடு வயர்லெஸ்ஸில் பேசும் பொழுதுபோக்கு. ஆளுக்கு ஆள் செல்போன் வந்த பிறகும் இது எதற்கு என்று கேட்காதீர்கள்... செல்வி தினமும் கேட்கிறாள். இந்தத் தடவை, பழைய ரேடியோக்களில் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றை நானே கட்டியிருந்தேன். உள்ளே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல். மைக்கில் நான் வாயே திறக்கவில்லை. வால்வு தானாகப் பழுத்துச் சிவந்தது. அப்புறம்தான் அந்த டப்.

"இந்தப் பெட்டி இருக்கணுமா, நா இருக்கணுமா? இப்பவே சொல்லிருங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பருப்புக் கடை இப்ராஹிமுக்குப் போன் போட்டேன். அவனும் ஹாம்தான். விருதுநகரிலிருந்து பைக்கில் வந்தவன், வால்வு சாக்கெட்டின் அடியைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன மாப்ள, எர்த்துக்கு இம்புட்டு நீளமா ஒயரு? கிரிட் பின்னுலருந்து பட்டையா, குட்டையா எடுத்து அங்கனயே சேஸிஸ் தகரத்துல இறக்கணும்ல. இல்லன்னா நீ பேசாமலே அது பாட்டுக்குத் தானா ஆடி, வால்வு சிவக்கத்தான் செய்யும்."

தாமிரத் தகட்டைப் பட்டை பட்டையாக வெட்டி, ஒவ்வொரு பின்னுக்கும் பற்றவைத்தோம். சாயங்காலம் சுவிட்சைப் போட்டால் பெட்டி சமர்த்தாக இருந்தது.

எட்டி நின்று பார்த்த செல்வி, மிஞ்சிய தகட்டுத் துண்டைக் கேட்டு வாங்கினாள். என் அறை வாசல் நிலையில் வைத்து ஆணி அடித்தாள். "இதுக்கும் எர்த்து குடுங்க" என்றாள்.

அவள் கம்பெனியில் வெடிமருந்து அறை வாசலில் இப்படி ஒரு தகடு உண்டு. உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் பொறி தட்டாமல் மண்ணில் இறங்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"இதத் தொட்டா ஆயிரம் வோல்ட் அடிக்காமப் போயிருமா?" என்றேன்.

"போகாதுன்னு எனக்கும் தெரியும். தொடும்போது என்னய நெனச்சுக்கோங்க. அவசரப்பட்டு உள்ள கைய விட மாட்டீகள்ல?"

அவள் வேன் ஏறிப் போனால், திரும்பி வரும்வரை தினமும் எனக்குப் பயம்தான். ஒரு நாளாவது சொல்லியிருப்பேனா? பயத்தை வெளியே சொல்வதில் ஆம்பளைக்கு என்ன கௌரவக் குறைச்சலோ!

மறுநாள் காலை கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன்:

"செல்வி... அங்கன தகட்டத் தொடும்போது, என்னயும் நெனச்சுக்கோ."