கடற்கரைக்குக் கொண்டுபோன கிணற்றுத் தண்ணீர்

1938 நவம்பர் 21: சேலத்து மருத்துவர் ஒருவர் என் மனைவியின் முதுகைப் பரிசோதித்தார். முதுகெலும்பில் க்ஷயரோகம் இருக்கலாம் என்று கருதினார். சென்னையிலுள்ள எலும்பு நிபுணருக்குக் கடிதம் கொடுத்தார்.

1938 டிசம்பர் 14: நிபுணரின் பதில் வந்தது. பிப்ரவரி இறுதியில் அழைத்துவரும்படி எழுதியிருந்தார்.

1939 ஜனவரி 19: ஏரியூர்ப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து மோட்டார் வண்டியில் புறப்பட்டோம். நான், என் மனைவி, டிரைவர்.

1939 பிப்ரவரி 27: சென்னையில் எக்ஸ்ரே படம் எடுக்கப்பட்டது.

1947 ஜூலை 8: டைபாய்டு காய்ச்சலில் என் மனைவி காலமானாள். முதுகு நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முனிசீப்பாக இருந்த காலமெல்லாம் தீர்ப்பின் முதல் பகுதியை நான் இவ்வாறுதான் எழுதினேன். நடந்தது மட்டும், அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. இனி வருவது, தீர்ப்பில் இடம் பெறாதது.

முதுகெலும்பு க்ஷயத்துக்கு அந்நாளில் இருந்த சிகிச்சை ஒன்றே. உடம்பை மாவுக்கட்டில் இறுக்கி, பலகையில் மல்லாந்த நிலையில், ஒன்றோ இரண்டோ ஆண்டுகள் அசையாமல் படுக்கவைப்பார்கள். எழுந்தவர்களும் உண்டு, எழாதவர்களும் உண்டு என்று சேலத்து மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னார். தனியாக என்பது அவருடைய எண்ணம். இடையில் ஒரு துணித் திரைதான் இருந்தது. அதற்கு அப்பால் என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்போது கழுத்து திரும்பாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமானால் உடம்பு முழுவதையும் திருப்புவாள். தரையில் உட்கார்ந்தால் கை கொடுத்துத் தூக்கவேண்டும். கால்கள் மரத்துப்போயின. சாப்பிட்டால் குமட்டல், சாப்பிடாவிட்டால் மயக்கம். அவளுடைய தாயாரும் கடைசிக் காலத்தில் இரண்டாக வளைந்துதான் நடந்தார். ஊரில் அப்படி நடப்பவர்கள் பலர். வயதாகிவிட்டது என்று அவர்களும் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம்.

நிபுணர் வரச்சொன்ன நாளுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"படுக்க வெச்சுட்டாங்கன்னா நான் முகட்டைத்தான் பாத்துட்டுக் கெடக்கணும். அதுக்கு முன்னால கடலைப் பாத்துடறேங்க."

அவள் கடலைப் பார்த்ததில்லை. நான் ஊர் ஊராக மாற்றலாகிப் போனபோதெல்லாம் அவள் தன் தகப்பனாரின் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே பெரும்பாலும் தங்கிவிட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நிலம்தான் அவளைப் பிடித்து வைத்திருந்தது.

போகும் வழியிலெல்லாம் எனக்கு உறவினர் வீடுகள் உண்டு. திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் கடலூருக்கும் எழுதினேன். மூன்று இடங்களிலும் அந்தத் தை மாதம் வீட்டுக்கு வெள்ளையடிப்பதாகப் பதில் வந்தது. க்ஷயம் என்ற சொல்லை யாரும் எழுதவில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் இருந்தது. சத்திரங்களிலும் என்ன நோய் என்று கேட்கத்தான் செய்வார்கள். ரயிலில் அவளால் உட்கார்ந்து வரமுடியாது.

அப்போதுதான் பொம்மிடிப் பக்கத்துப் பாதிரியார் ஒருவர் சீமைக்குத் திரும்பவிருந்தார். கிராமம் கிராமமாகச் சென்று பிரசங்கம் செய்வதற்கென்று அவர் கட்டுவித்த மோட்டார் வண்டி விலைக்கு வந்தது; வாங்கினேன். உள்ளே இரண்டு பக்கமும் விரித்தால் படுக்கையாகும் பலகைகள், கம்பிவலை போட்ட ஜன்னல்கள், வேதப் புத்தகங்கள் வைக்கும் அலமாரி, பின்பக்கத்தில் ஸ்டவ் வைக்க ஒரு மேடை. என் மனைவி அலமாரியில் கேழ்வரகு மாவும் புளியும் பருப்பும் அடுக்கினாள். டிரைவரும் வண்டியோடு வந்தார். பாதிரியாரின் பிரசங்கங்கள் அவருக்கு மனப்பாடம். சாலையில் மாடு குறுக்கே நின்றால் அவற்றிலிருந்து சில வரிகளை அதற்குச் சொல்வார்.

அவள் செய்த இன்னொரு ஏற்பாடு தண்ணீர். படுக்கைக்கு அடியில் அடங்கும்படி பெரிய தகரத் தொட்டி ஒன்றைச் செய்யச் சொல்லி, அதற்குக் குழாயும் வைத்து, எங்கள் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினாள். நோய்க்காரருக்குத் தண்ணீர் மாறக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்த விதி. சேலத்து மருத்துவரும் அதையே சொல்லியிருந்தார். தொட்டி அவளுக்கு மட்டும். நானும் டிரைவரும் போகிற இடத்தில் கிடைப்பதைக் குடித்துக்கொள்ள வேண்டியது.

"காவேரி பாயற சீமைக்குக் கெணத்துத் தண்ணி கொண்டுபோற வண்டி நம்முளுது ஒண்ணுதான் இருக்கும்மா," என்றார் டிரைவர்.

"நீ காவேரியவே குடிப்பா. எனக்கு ஒத்துக்காது."

நாகப்பட்டினத்தில் அவள் கடலைக் கண்டாள். அன்று பினாங்குக் கப்பல் புறப்படும் நாள். துறைமுகச் சாலை முழுவதும் தகரப் பெட்டிகளும் பாய்ச்சுருட்டுகளும் அழுகிற உறவினர்களும் மாலை விற்பவர்களுமாக இருந்தது. அந்தக் கூட்டத்தைத் தாண்டி மணலோரம் வண்டியை நிறுத்தினோம். அவள் ஜன்னல் வழியாக நெடுநேரம் பார்த்தாள்.

"இது நிக்கவே நிக்காதுங்களா?" என்று அலையைக் காட்டிக் கேட்டாள்.

நிற்காது என்றேன்.

"பாவம்," என்றாள்.

மீன் கூடைக்காரிகள் இருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். இது வண்டியா வீடா என்று ஒருத்தி கேட்டாள். அடுப்பு எரிகிறதே, வீடுதான் என்று என் மனைவி சொன்னாள். மற்றவள் அவள் பல்லைப் பார்த்துவிட்டு, வெற்றிலை அதிகமோ என்றாள். என் மனைவி வெற்றிலை போடுவதில்லை. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

அங்கிருந்து காரைக்கால். பிரெஞ்சுக்காரர் ஊர். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்களும் சாராயக் கடைகளும் சீமைத் துணிக் கடைகளும் நிறைந்த கடைத்தெருவில் வண்டியை மெல்ல ஓட்டச் சொல்லி, படுத்தபடியே வேடிக்கை பார்த்தாள். மறுநாள் ஊரைவிட்டு வடக்கே வெளியேறும்போது எல்லைச் சாவடியில் எங்களை நிறுத்தினார்கள்.

அங்கிருந்த அதிகாரி இளைஞர்; மரியாதையானவர். வண்டியை ஏறிப் பார்த்தார். தொட்டியைத் தட்டிப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். சேலம் ஜில்லா என்றேன். அவர் முகம் மலர்ந்தது. சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது எங்கள் ஜில்லாவில்தான். அங்கிருந்து ஒருவர் காரைக்காலுக்கு வந்து, படுக்கைக்கு அடியில் தொட்டியோடு திரும்பினால், எந்த அதிகாரிக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும்.

தண்ணீர் என்றேன். குழாயைத் திறந்து முகர்ந்தார். ஒரு வாய் குடித்துத் துப்பினார்.

"தண்ணிதான். ஆனா சார், சேலத்துலேருந்து காவிரி ஓடுற ஊருக்குத் தண்ணி கொண்டாந்தாங்கன்னு நான் மேலே எழுதினா, என்னைத்தான் சோதனை போடுவாங்க."

மேலே தண்ணீர், கீழே பொய்த் தட்டில் சாராயம் என்று முன்பு ஒருமுறை பிடித்தார்களாம். தொட்டியைக் காலி செய்து பார்க்க வேண்டும் என்றார். அவருக்கு அந்த அதிகாரம் இருந்தது; சட்டம் தெரிந்தவனாகையால் நான் மறுக்கவில்லை. கொண்டுவந்த தண்ணீர் முழுவதும் சாலையில் ஓடியது. தொட்டியின் அடியில் வெள்ளைப் படிவு தவிர வேறொன்றும் இல்லை. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"என் வவுத்தையும் தட்டிப் பாத்துருங்கய்யா, அப்பறம் சந்தேகம் வேணாம்," என்று டிரைவர் அவரிடம் சொன்னார்.

என் மனைவி சிரிக்கவில்லை. பிற்பகல் வரை வாயில் எதையும் வைக்கவும் இல்லை. தரங்கம்பாடிக்கு அருகில் ஒரு வீட்டில் டிரைவர் செம்பில் தண்ணீர் வாங்கி வந்தார். வேறு வழியில்லாமல் குடித்தாள். சப்பென்று இருக்கிறது என்றாள். இனி நோய் முற்றும் என்று அவள் நம்பினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று கேட்டேன். கடல் இன்னும் மிச்சமிருக்கிறது என்றாள்.

கடலூர்த் துறையில் மணிலாக்கொட்டை மூட்டைகள் படகில் ஏறுவதைப் பார்த்தோம். நிபுணர் சொன்ன நாளுக்கு இன்னும் நிறைய நாள் இருந்ததால் புதுச்சேரியில் தங்கினோம். மாலையில் கடற்கரையில் பாண்டு வாத்தியம் வாசிப்பார்கள். துரைமார்களும் செட்டிமார்களும் குழந்தைகளும் சுண்டல்காரர்களும் அங்கே உலாவுவார்கள். அந்த ஊரின் ஆரவாரத்தில் எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

முதலில் நான் கவனித்தது தட்டு. அவள் சாப்பிட்டு முடித்த தட்டில் மிச்சமில்லை. குமட்டுகிறதா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. பிறகு ஒருநாள் மாலை, பாண்டு வாத்தியத்தில் பெரிய மேளம் அடிப்பவனைப் பார்க்க அவள் தலையைத் திருப்பினாள். சிறிதளவுதான். ஆனால் தோள் அதனுடன் திரும்பவில்லை, தலை மட்டும். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் போய்விடும் என்று அவள் எண்ணியிருக்கலாம். எனக்கு, குறுக்கு விசாரணை செய்யப்படாத சாட்சியத்தை ஏற்றுக்கொள்ளப் பழக்கமில்லை. கடற்காற்றாக இருக்கலாம்; ஓய்வாக இருக்கலாம்; பலகையில் படுப்பதற்கு முன் உடம்பு காட்டும் சிறிய சலுகையாக இருக்கலாம்.

சொன்னவர் டிரைவர்தான்.

"அம்மா இன்னிக்கு ரெண்டு தடவ எறங்கி ஏறிட்டாங்கய்யா. நான் கையே குடுக்கலீங்க."

"உன் வேலையப் பாருப்பா," என்றாள் என் மனைவி. குரலில் கோபம் இல்லை.

சென்னையில் டிராம் வண்டிகளுக்கு நடுவே எங்கள் வண்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதற்குள் டிரைவரின் பிரசங்கங்கள் தீர்ந்துவிட்டன. எக்ஸ்ரே எடுத்தார்கள். நிபுணர் வயதானவர், பேச்சைக் குறைத்தே வைத்திருப்பவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கீழே வைத்து, மறுபடியும் பிடித்தார். பிறகு முதுகைத் தொடாமல் என் மனைவியை வாயைத் திறக்கச் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள். திறக்கும்படி தலையசைத்தேன்.

பல்லைப் பார்த்துவிட்டு, எந்த ஊரில் பிறந்தவள், எந்தத் தண்ணீர் குடிக்கிறாள் என்று கேட்டார். தண்ணீரைப் பற்றிக் கேட்டதும் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. தொட்டி செய்ததையும், காரைக்கால் வரை ஒரு வாய்கூட வேறு தண்ணீர் குடிக்காததையும், சாவடியில் அதைக் கொட்டியதையும் வரிசையாகச் சொல்லி, இப்போது கண்ட தண்ணீரையும் குடித்துக்கொண்டிருப்பதாக முறையிட்டாள். நிபுணர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கொட்டினதுக்கு அப்புறம் எப்படி இருக்கு?"

அவள் தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பிக் காட்டினாள். பிறகு வலப்பக்கம்.

"க்ஷயம்னா எலும்பை அரிச்சிருக்கும்மா. இங்கே எலும்பு மேலே எலும்பு சேர்ந்திருக்கு. உங்களுக்கு க்ஷயம் இல்லை."

வடக்கே சில ஜில்லாக்களில் இதே நோயைப் பார்த்திருப்பதாக அவர் எனக்கு விளக்கினார். கிணற்று நீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு மிகுந்தால் குழந்தைப் பருவத்தில் பல்லையும் பின்னாளில் எலும்பையும் பிடிக்கும். சேர்ந்தது கரையாது, முதுகு நிமிராது. ஆனால் அந்தத் தண்ணீரை நிறுத்தினால் வலியும் குமட்டலும் குறையும், மேலே முற்றாது. மாவுக்கட்டும் பலகையும் வேண்டாம்.

"அப்ப நான் நடக்கலாங்களா?" என்று கேட்டாள்.

"நிறைய நடங்க. அந்தத் தண்ணியை மட்டும் தொடாதீங்க."

வெளியே வந்ததும் டிரைவர் வழக்கம்போல் பின் கதவைத் திறந்து வைத்தார். அவள் அதைத் தாண்டிப் போய் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"கடலுக்கு வுடுப்பா."

நான் பின்னால் ஏறினேன். கடற்கரைச் சாலை நெடுகிலும் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டு வந்தது கேட்டது. கலங்கரை விளக்கம் எது, கோட்டை எது, அந்தக் குதிரைக்காரன் ஏன் கத்துகிறான் என்று அவள் கேட்டபடியே வந்தாள். நான் அவளுடைய பலகையில் மல்லாந்து படுத்திருந்தேன். எழுந்து உட்கார்ந்து எதையும் பார்க்க என்னால் இயலவில்லை. வருத்தம் அல்ல, பல மாதங்களாக இறுக்கி வைத்திருந்த ஒன்று அவிழ்ந்துவிட்டிருந்தது. அவள் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்து, "ஐயா தூங்கறாரு, மெதுவா ஓட்டு," என்று டிரைவரிடம் சொன்னாள். நான் தூங்கவில்லை.

ஊரில் ஓட்டுக் கூரையின் மழைநீரைப் பிடித்து வைத்தோம். அது தீர்ந்தால் வண்டியில் போய்க் காவேரியில் மொண்டு வந்தோம். முதுகு நிமிரவில்லை. ஆனால் அவள் தன் காட்டை நாளும் நடந்து பார்த்தாள். களை எடுக்க உட்கார்ந்தால் தானே எழுந்தாள். காய்ச்சல் வந்து படுக்கும் வரை யாரும் அவளைப் படுக்கவைக்கவில்லை. அவள் போனபின் நான் பலவற்றை எண்ணி வருந்துகிறேன். இதை எண்ணும்போது மட்டும் மூச்சு இலேசாகிறது.

ஊருக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே அவள் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: "நான் தப்பிச்சேன். மத்தவங்க அதத்தானே குடிக்கறாங்க?" கிணற்றடியில் அவள் சொல்லிப் பார்த்தாள். தாத்தன் காலத்துக் கிணற்றின் மேல் பழி போடுகிறாள் என்று சிரித்தார்கள். அவள் விடவில்லை. விட்டுப்போனவை என் பொறுப்பில் இருக்கின்றன:

பொதுக் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புதல். ஏற்கெனவே அனுப்பிய இரண்டு மனுக்களுக்கும் பதில் இல்லை. மூன்றாவது எழுத வேண்டும்.

பள்ளிக்கூடக் கூரைக்கு மழைநீர்க் குழாய் போடுதல். தகரம் வாங்கியாகிவிட்டது.

நிபுணர் இருந்தால் அவருக்கும், இல்லையேல் அவர் குடும்பத்துக்கும், அவள் கடைசிவரை நடந்தாள் என்று தெரிவித்தல்.

தூத்துக்குடிக் கடலுக்குப் போய்வருதல். யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கட்டும் என்று இருவருமாகத் தள்ளிவைத்தது.