பாலத்தில் நிற்கும் சரசு ஆன்டி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிப்பவள் நான். கணினித் துறையில் படித்தவள். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், இல்லையென்றால் சர்வரில் கோளாறு இருக்கும், அதுதான் என் கட்சி. இதைப் படித்துவிட்டு நீங்களும் அதையே சொல்வீர்கள். சொல்லுங்கள், நானும் சொல்லிப் பார்த்தவள்தான்.

இணையத்தில் சேர்ந்து ஆடும் ஒரு போர் விளையாட்டு. கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், பூச்சோங் என்று மலேசியாவின் எல்லாப் பக்கத்துத் தமிழர்களும் எங்கள் குழுவில் உண்டு. புதிதாக வருகிறவர்கள் மூன்றே நாளில் ஓடிவிடுவதால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். முதல் வாரம் முழுக்க ஆட்டத்துக்குள் பழையவர் ஒருவர் புதியவரோடு கூடவே போகவேண்டும். யாருடைய ஆட்கள் அதிகம் தங்குகிறார்களோ அவரே அந்த மாத அணித்தலைவர்.

என் ஆட்கள் தங்கவே மாட்டார்கள். கிள்ளான் தர்ஷனின் ஆட்கள் போகவே மாட்டார்கள். நான் குறிப்பு எழுதி, வீடியோ எடுத்து அனுப்பி உயிரை விடுவேன். அவன் சும்மா கதை பேசிக்கொண்டே நடப்பான். எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை.

அவன் ஆட்களில் ஒருவர் சுங்கை வே சரசு ஆன்டி. ஆட்டத்தில் ஒரு தொங்கு பாலம் வரும். தினமும் அதிலிருந்து விழுவார், தினமும் சிரிப்பார்.

ஒரு சனிக்கிழமை மதியம் தர்ஷன் கல்யாணத்துக்காகப் பினாங்கு போனான். "ஆன்டிய கொஞ்சம் பாத்துக்க லா யாழினி," என்றான். பார்த்துக்கொண்டேன். புதியவர்கள் நுழையவே கூடாத கோட்டைக்குள் அவரைக் கூட்டிப்போய்ப் பதினோரு முறை சாகவிட்டேன். "ஆன்டி, இது உங்களுக்குச் சரிப்படாது. மத்தவங்களுக்கும் தொந்தரவு," என்றேன்.

"சரிம்மா. தம்பிகிட்ட நீயே சொல்லிரு," என்று போய்விட்டார். உடனே பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கினேன். தர்ஷனிடம், "அவங்களே கிளம்பிட்டாங்க," என்றேன். உண்மையை இன்றுவரை சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த அதிசயம். என் ஆட்கள் தங்க ஆரம்பித்தார்கள்! பூச்சோங்கில் லோரி ஓட்டும் பிரவீன் அண்ணனிடம், "எப்படிண்ணே இன்னும் ஆடுறீங்க?" என்று கேட்டேன்.

"அந்த ஆன்டிதான் தங்கச்சி. பாலத்துல நிப்பாங்க. விழுந்தா சிரிச்சுட்டு, 'எந்திரி, நானும் விழுந்தவதான்'னு கூடவே வருவாங்க. நீ அனுப்புன வீடியோலாம் யாரு பாத்தா?"

பெயர் கேட்டேன். சரசு.

பட்டியலில் அப்படி யாரும் இல்லை. ஆன்டியின் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தேன். "நானா? நீ சொன்ன அன்னிக்கே அந்த ஆட்டத்த போன்ல இருந்து அழிச்சுட்டேனேம்மா," என்றார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, என் இன்னொரு காதில் இருந்த ஹெட்செட்டில் பிரவீன் அண்ணன் கத்தினார்: "ஆன்டி வந்துட்டாங்க!" போனில் ஆன்டி, அடுப்பில் பருப்பு பொங்குகிறது என்று வைத்துவிட்டார்.

அந்த மாதம் அணித்தலைவர் நான்தான். ஆனால் ஒருவர்கூட என்னைத் தேடவில்லை. "இன்னிக்கு ஆன்டி வருவாங்களா?" இதே கேள்விதான். தர்ஷன்மேல் இருந்த எரிச்சலெல்லாம் இப்போது அவர்மேல் திரும்பியது. எல்லோருக்கும் தெரிகிறவர் என் கண்ணில் மட்டும் ஒருமுறைகூடப் படவில்லை.

பிடித்தே தீருவதென்று பொய்ப் பெயரில் புதிய கணக்குத் தொடங்கி, மைக்கை அணைத்துவிட்டுப் பாலத்துக்குப் போனேன். வேண்டுமென்றே விழுந்தேன். யாரும் வரவில்லை. மறுபடி விழுந்தேன். பிரவீன் அண்ணன்தான் வந்தார், என்னை அடையாளம் தெரியாமல்.

"பாஸ், புதுசா? எந்திரிங்க. ஆன்டி உங்க பக்கத்துல குனிஞ்சு பேசிட்டே இருக்காங்க, கேக்கலையா?"

என் திரையில் வெறும் பலகைகள். என்ன சொல்கிறார் என்று தட்டச்சு செய்து கேட்டேன்.

"'எந்திரி யாழினி'ங்கிறாங்க. ஏன் பாஸ், உங்க பேரும் யாழினியா?"

இப்போதும் குழுவில் நான்தான் தலைவர். புதியவர்கள் யாரிடமோ ஏதோ கேட்பார்கள், சற்று நேரம் எனக்கு ஒன்றும் கேட்காது, பிறகு எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.