மறைத்து வைத்த ஊர்ப்பெயர்

எங்கள் நில அதிர்வு நிலையத்தில் நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் மூத்தவருக்கு ஒரே வேலை. எங்கோ பூமி நடுங்கினால் எங்கள் கருவியில் கோடு துள்ளும். முந்திரிக்கொட்டை மாதிரி முதலில் வரும் அலையைக் கணினியே பிடித்துவிடும். பின்னால் பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு வருவது குறுக்கலை. முதல் அலையின் இரைச்சலுக்குள் அது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க ஒரு கண் வேண்டும். திரவத்துக்குள் அது போகாது. அது வந்து சேரும் நேரத்தையும் வராமல் போகும் இடங்களையும் வைத்துத்தான் பூமிக்குள் எது கெட்டி, எது குழம்பு என்று சொல்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக அக்கா அந்தத் தொடக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

கோடு போடும்வரை நிலநடுக்கம் எந்த ஊரில் என்று பார்க்க மாட்டார். திரையின் மூலையில் துண்டுக் காகிதம் ஒட்டி ஊர்ப்பெயரை மறைத்துவிடுவார். "ஊரு தெரிஞ்சா தூரம் தெரிஞ்சிடும், அலை எப்ப வரணும்னும் தெரிஞ்சிடும். அப்புறம் கண்ணு தனக்குத் தோதான இடத்துலதான் போய் நிக்கும்" என்பார்.

ஒருநாள் காலையில், "இங்க வாங்களேன், இந்த அலை எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாருங்க" என்று எங்களைக் கூப்பிட்டார். அப்படிக் கூப்பிடுகிற ஆளே இல்லை அவர்.

"ஃபிரேம் போட்டு மாட்டிடலாம்க்கா" என்றேன்.

சிரித்துக்கொண்டே காகிதத்தை எடுத்தார். அவருடைய தம்பி வேலை பார்க்கும் ஊர்.

மூன்று நாள் தம்பியின் போனை யாரும் எடுக்கவில்லை. நான்காம் நாள் எடுத்தது வேறு யாரோ.

இரண்டு வாரத்தில் அக்கா வேலைக்கு வந்துவிட்டார். அழவில்லை. மதியம் டப்பாவைத் திறப்பார், கொஞ்ச நேரம் பார்ப்பார், மூடிவிடுவார். நான் சொன்ன வார்த்தையை நினைத்தால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

எங்கள் விதிப்படி, ஒவ்வொரு பதிவையும் மூன்று மாதம் கழித்து அதே ஆள், பழைய கோட்டைப் பார்க்காமல், மறுபடி குறிக்க வேண்டும். அந்தப் பதிவின் முறையும் வந்தது.

"விடுங்கக்கா, இதை நான் பார்த்துக்கறேன்."

"வேண்டாம்பா. எனக்கு இன்னும் ஒண்ணுமே தோணல. இதைப் பார்த்தாலாவது அழுகை வருதான்னு பார்க்கறேன்."

துண்டுக் காகிதத்தை எடுத்து, தெரிந்த ஊர்ப்பெயரின் மேலேயே ஒட்டினார். கோடு போட்டார்.

இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டது நான்தான். ஒரு நூலிழை வித்தியாசம்கூட இல்லை. அதைச் சொன்னேன்.

அக்கா வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொஞ்சமாவது நடுங்கியிருக்கலாம்ல?" என்றார்.